முருகன் கேட்ட புருவம்

எங்கள் வீட்டில் கேன்சர் என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அது" என்போம், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். கீமோவில் என் முடி கொட்டியதும், கேட்டவர்களிடம் "பத்துமலை முருகனுக்கு மொட்டை போட்டேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் மொட்டைத் தலைதான். ஆனால் என்னைப்போல் ஸ்கார்ஃப் கட்டி மறைக்கவில்லை. தோளைத் தொடும் ஜிமிக்கி, பளீரென்று சிவப்பு லிப்ஸ்டிக். மொட்டையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தவர், சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல் சத்தமாகக் கேட்டார்.

"கேன்சரா தங்கச்சி?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"இல்லக்கா, பத்துமலை வேண்டுதல்."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். "முருகன் புருவத்தையுமா கேட்டாரு?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கேன்சர்தான்க்கா!" என்றேன்.

"அப்படிச் சொல்லுலா!" என்று என் தொடையில் ஒன்று போட்டார். கிள்ளான் வரும்வரை கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

இப்போது யார் கேட்டாலும் கேன்சர் என்றே சொல்கிறேன். ஆனால் காலையில் கண்ணாடி முன் நின்று புருவம் வரையும்போது முருகன் வந்து கை நீட்டுகிறார். சிரிப்பில் கோடு கோணிப்போகிறது.