வாயில் போடக்கூடிய பவுடர்

கையில் பட்டால் கழுவக் கழுவ வழுக்கும்; தண்ணீர் ஊற்றினால் போகாமல், இன்னும் கொழகொழவென்று விரல்களுக்கு நடுவே இழுபடும். கடப்பாக்கத்து வீட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா வைத்திருந்த 'சாந்தன் கம்' என்ற வெள்ளைப் பவுடர் அது. சோற்றுக்கற்றாழை ஜெல் செய்து விற்ற அம்மா, அது தண்ணீராக ஓடாதிருக்க இதில் ஒரு சிட்டிகை கலப்பார். வாங்கும்போது பாரிமுனைக் கடைக்காரரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: இதில் எலும்பு, கொழுப்பு ஏதும் உண்டா? சோளச் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுப்பது, ஐஸ்கிரீமில்கூடப் போடுகிறார்கள் என்றார் அவர். அம்மாவுக்கு அது போதும். "வாய்ல போடக்கூடாதத மூஞ்சில போடாத" என்பது அவர் சட்டம். அந்தச் சட்டப்படியே, ஜெல் கெடாமலிருக்கக் கடைக்காரர் சேர்க்கச் சொன்ன மருந்தை அவர் சேர்க்கவில்லை.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில், எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவர் கன்னம் சிவந்து தடித்தது. அவருடைய அம்மா ஜெல் டப்பாவோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இன்னா பாத்திமா, எம்பொண்ணு மூஞ்சி வெந்த எறா மாதிரி கீது. இன்னா பவுடரு அது?"

"சக்கரதான்கா. செடிலேர்ந்து வர்றது."

"எருக்கம்பாலுகூட செடிலேர்ந்துதான்டி வருது. பூசிக்கிறியா?"

அம்மா உள்ளே போய், ரோஸ்மில்க்கில் ஒரு ஸ்பூன் பவுடரைக் கொட்டிக் கலக்கி வந்தார். மீன் சினை போலக் கட்டி கட்டியாகத் திரண்ட அதை, தெருவே பார்த்திருக்க, மென்று விழுங்கினார்.

"பாத்தியாக்கா? எனுக்கு இன்னா ஆச்சு?"

"உன் வாய்க்கு ஒண்ணும் ஆவாது. அது ஊருக்கே தெரியும். நான் எம்பொண்ணு மூஞ்சியச் சொல்றேன்."

தெரு சிரித்தது. முகம் கல்யாணத்துக்குள் தெளிந்துவிட்டது. பத்திரிகை மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா அதன்பின் ஜெல் செய்யவில்லை.

ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த டப்பா எதிர்வீட்டுக்குப் போகுமுன் மூன்று நாள் எங்கள் ஜன்னலில் இருந்தது. கடலில் ஆடிவிட்டு வந்த ஈரக்கையோடு, தினமும் அதில் விரல் விட்டு வழித்துப் பூசிக்கொண்டேன். என் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னாளில் படித்தபோது, அந்தப் பவுடர் பெரும்பாலோர் தோலுக்குத் தீங்கற்றது என்று தெரிந்தது. ஆனால் காப்பு மருந்து இல்லாத ஜெல்லில் அழுக்குக் கை பட்டால் கிருமி வளருமாம். மனிதன் சாப்பிடக்கூடியதைப் பூசணமும் சாப்பிடும். அப்படியானால் காரணம் என் விரலா, அம்மா சேர்க்காத மருந்தா, சரியாக வடியாத கற்றாழையின் மஞ்சள் பாலா, அக்கா அதே வாரம் போட்ட பிளீச்சா? ஒருநாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் இன்னொன்று.

ஸ்டெல்லா அக்காவின் வீடு இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட்டுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் செங்கல்பட்டுக் கடையொன்றில், விலையுயர்ந்த ஜெல் ஒன்றைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த அந்தப் பவுடரின் பெயரை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அது நல்லதுதான?"

"நல்லதுதாம்மா."

"அப்ப ஸ்டெல்லாவுக்கு எதனால?"

தெரியவில்லை என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.