சாவி இல்லாத மேசை

காலையானால் மாடியில் கதவுகள் கீ கீ என்று கத்தும். போனில் வந்த நான்கு இலக்க எண்ணைக் கதவுப் பூட்டில் அமுக்கி யாரோ அறையைத் திறக்கிறார்கள். யார் வந்தார், யார் போனார் என்று வரவேற்பு மேசையில் இருக்கும் எனக்கே தெரிவதில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து, நல்லூரில் இந்த லாட்ஜில் சேர்ந்த நாட்களில் எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு, கூச்சம் வேறு. அப்போது அறைகளுக்கு இருந்த சாவிதான் என்னைப் பேச வைத்தது. வெளியே கிளம்புகிறவர்கள் அதை மேசையில் வைப்பார்கள். "எங்க போறிய, சாப்ட்டாச்சா?" என்பேன். எங்கள் ஊரில் அதைக் கேட்காவிட்டால்தான் கோபம் வரும். "பனியன் எடுக்கப் போறனுங்க" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

எண் பூட்டு வந்த பிறகும் என் வாய் நிற்கவில்லை. 'எங்கே போகிறேன் என்று ஊழியர் விசாரிக்கிறார்' என்று எழுதி, ஒரு வெளியூர்ப் பெண் இணையத்தில் லாட்ஜுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். முதலாளி என்னைவிட இளையவர். "அண்ணா, இனி ஆருகிட்டயும் ஒண்ணும் கேக்காதீங்க. இன்னொருக்கா இப்புடி வந்துதுன்னா நீங்க வேற வேலை பாத்துக்கோணுங்க" என்றார். எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்புகிறவர்கள் கத்துவார்கள். இங்கே அதற்கும் 'ங்க' போடுகிறார்கள். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் மடத்துக்குளத்திலிருந்து ஓர் அம்மா வந்து தங்கினார். பக்கத்து ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம். மருமகன் போனில் அறை எடுத்துக் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் காலை, பையோடு மேசை முன்னால் வந்து நின்றார்.

"சாவி இல்லீங்களே. ஆருகிட்டங்க சொல்லிட்டுப் போறது?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நகரவில்லை.

"ஏனுங்க, இங்க பேசறதுக்கும் நம்பர் அமுக்கோணுங்களா?"

சிரித்துவிட்டேன். தலைக்கு மேல் கேமரா இருந்தது. இருந்தாலும் கேட்டேன்: "என்ன பிள்ளம்மா?"

"பொண்ணுங்க. அப்புடியே எம்மவ மூக்கு."

"இப்ப எங்க போறிய?"

"ஊட்டுக்குத்தானுங்க. தொட்டில் கட்ட என்ர பழைய சீலை ரெண்டு எடுத்தாரோணும். போயிட்டு வர்றனுங்க."

"போயிட்டு வாங்கம்மா."

நட்சத்திரம் கேட்டு மருமகன் போனுக்குச் செய்தி போயிருக்கும். இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தேன். அவர் ஒன்றுமே போடவில்லை. வேலை இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது இப்போது நானும் பையோடு இந்த மேசை முன்னால் நிற்கிறேன். அந்தப் பக்கம் ஆள் இல்லை. மேசையில் கை வைத்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறேன். நான்கு நாள் கழித்து, ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகும்போதும் அந்தக் கதவிடம் அதையேதான் சொல்கிறேன்.