பென்னலூர் அறையும் என் ஷிஃப்ட்டும்

ஞாயிறோடு எங்கள் ஹாஸ்டலை மூடுகிறார்கள். அதனால் இன்று பென்னலூரில் ஓர் அறை பார்த்தேன். தண்ணீரில் உப்பில்லை, நெட் கிடைக்கிறது, கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கும். பிடித்துவிட்டது.

சிகரெட், சமையல், நண்பர்கள் என எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தேன். வீட்டுக்கார அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"இன்னா ஷிஃப்ட்டு தம்பி?"

"ஜெனரல்க்கா, பகல் வேலைதான்."

"அப்ப வேணாம்பா. உள்ள கீற ரெண்டு பேரும் ஜெனரல்தான். பாத்ரூம் ஒண்ணு. மூணாவது ஆளு குளிச்சிக்கினு இருக்கசொல்ல பஸ்ஸு பூடும், அப்பால சண்ட."

"ராத்திரியே குளிச்சிடுறேன்க்கா."

"வர்றவன்லாம் இதான் சொல்றான். நைட் ஷிஃப்ட்டுன்னா சொல்லு, இப்பவே சாவி."

நாளை மேனேஜரிடம் நைட் ஷிஃப்ட் கேட்கப் போகிறேன். காரணம் பாத்ரூம் என்றே சொல்லிவிடலாமா, இல்லை உங்களிடம் இதைவிட நல்ல காரணம் இருக்கிறதா?