தாய்மாமன் மடியும் சார்ஜ் வேனும்

என் தங்கை மகளுக்குக் கல்லுப்பட்டிக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பிள்ளை என் மடியில் உட்கார வேண்டும். அப்பேர்ப்பட்டவன், நல்ல நேரம் முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது, கல்லுப்பட்டிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில், நின்றுபோன மின்சாரக் காருக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு முழித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கார்தான் போன வருடச் சண்டைக்கும் காரணம். தங்கையின் புது வீட்டுப் பால்காய்ச்சில் அவள் புருஷன் பத்துப் பேர் முன்னால், "மச்சான் பொம்மை வண்டி வாங்கியிருக்காரு" என்று சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. போட்ட இலையை விட்டு எழுந்து வந்தவன், அதோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. இந்த முறை தங்கையே பசுமலைக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். "வாரேன். ஆனா அந்த வண்டியிலதான் வருவேன்" என்றேன்.

வெறுமனே போனால் எப்படி? பின் சீட்டில் சீர்த்தட்டுகள். டிக்கியில் ஆளுயர ஸ்பீக்கர். காரிலிருந்தே கரண்ட் எடுத்து எதை வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதைத் தெருவுக்கே காட்ட வேண்டாமா? முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வாசலில் பாட்டும் சீரியல் பல்புமாக அமர்க்களம். கிளம்பும்போது என் மனைவி, "ஏங்க, சார்ஜு கம்மியாத் தெரியுதே" என்றாள். "கல்லுப்பட்டிக்கு இம்புட்டே தாராளம்" என்றேன். கார் நின்றதும் அவளைத்தான் பிடித்தேன். "நீ ஏசியைக் கூட்டிக் கூட்டி வச்சதுதான்!"

நடுவழியில் நின்ற வண்டிக்கே வந்து சார்ஜ் ஏற்றும் வேன் ஒன்று திருமங்கலத்தில் உண்டு. அதற்குப் போன் போட்டேன். அதற்குள் தங்கை புருஷனிடமிருந்து போன். கார் நின்ற இடத்தைச் சொன்னேன். "மச்சான், பைக்கை அனுப்பவா?"

"வேணாம் மாப்ள. கார்லதான் வருவேன்."

வேன் வருவதற்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஓட்டி வந்தவர் கோரிப்பாளையத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். மளமளவென்று கேபிளை இழுத்து மாட்டினார்.

"எம்புட்டு நேரமாகும்ணே?"

"அரை மணி நேரமாச்சும் ஆகும்ணே."

அவர் டிக்கியை எட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர் சுவிட்ச் இன்னும் ஆனில் இருந்தது. சுருட்டிப் போட்டிருந்த சீரியல் பல்பு சுவிட்சும் அப்படியே.

"இது எப்ப இருந்து ஓடுது?"

"நேத்து மத்தியானத்துல இருந்து."

"அட போங்கண்ணே! உங்க கச்சேரிதான் அம்புட்டுச் சார்ஜையும் குடிச்சிருக்கு."

என் மனைவி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மன்னிப்பெல்லாம் எனக்கு வாயில் வராது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

மணி பத்தே கால். பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. பைக்கை வேண்டாமென்ற வாயில் ஓங்கி அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வீம்பில் ஒரு வருடம் போனது போதாதென்று இந்த மடியும் போச்சே. அங்கே இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் மடியில் வைத்தே குத்திவிடச் சொல்லலாம் என்று தங்கைக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை.

அப்போது கல்லுப்பட்டிப் பக்கமிருந்து ஒரு குட்டியானை லோடு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பின்னால் நின்றபடி எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், காது குத்தும் ஆசாரியும். முன் சீட்டிலிருந்து தங்கை இறங்கினாள். கோயிலில் முடி இறக்கி, மண்டை நிறையச் சந்தனத்தோடு இடுப்பில் என் மருமகள்.

"என்னத்தா, இங்கயே வந்துட்ட?" என்றேன்.

"நீ கார்லதான் வருவேன்னா, நான் உன் மடியிலதான் குத்துவேன். உனக்கு மட்டுந்தான் வீம்பு இருக்கா? உக்காருண்ணே, நேரமாகுது!"

வேன்காரர் தன்னுடைய பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டார். புளியமரத்தடியில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த காருக்குப் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி குத்தினார். அவள் வீலென்று அலறி என் கட்டைவிரலைக் கடித்தாள். எனக்கும் அழுகை வந்தது. விரல் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கேபிளைக் கழற்றியதும் தங்கை புருஷன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மச்சான், கோயிலுக்குப் போக இதுல எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

"முன்னால ஏறு மாப்ள" என்றேன். ஸ்பீக்கரைக் குட்டியானையில் ஏற்றிவிட்டேன்.

கோயிலில் பந்தி போட்டதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். தங்கை பரிமாறினாள். போன வருடம் விட்டு வந்த இலைக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.