நெய்னா காக்காவின் ரிட்டர்ன் டிக்கெட்

"தூர் ஓ ரெத்தூர் தில் லின்ஷொப்பிங், தக்!"

துபாய் சத்வாவில் கைலியும் பனியனும் விற்கும் நெய்னா முகம்மது காக்கா, கடை ஷட்டரைத் தூக்கும்போதே சுவீடன் பாஷையில்தான் தூக்குகிறார். லின்ஷொப்பிங்குக்குப் போக வர ஒரு டிக்கெட் கொடுங்கள், நன்றி என்று அர்த்தம். மாடியில் குடியிருக்கும் பாவத்துக்கு நான்தான் டிக்கெட் கொடுக்கிற அம்மாள். கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ரயில் போய்விட்டது என்று நான் உதட்டைப் பிதுக்க வேண்டும். உடனே அவர் விறைப்பாக நிமிர்ந்து, "நார் கோர் நெஸ்தா தோக்?" என்பார். அடுத்த ரயில் எப்போது? அங்கே ஆபீஸில் என் மேனேஜர் கேட்கிற கேள்வி வேறு. அது இவருக்கு எங்கே தெரிகிறது!

இத்தனைக்கும் ரயிலே இல்லாத ஊர் இது. ஷேக் ஸாயித் ரோட்டில் இப்போதுதான் மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பனியன் வாங்க வந்த பட்டான் டாக்சிக்காரரிடமும், "வில்கெட் ஸ்போர்?" என்று காக்கா கேட்டுவிட்டார். எந்தப் பிளாட்பாரம்? "க்யா போலா பாய்?" என்று அந்த மனிதர் விழித்தார். "குச் நஹி பாய், டிரெய்னிங்" என்று காக்கா சிரிக்காமல் சொல்லிவிட்டு பனியனைப் பையில் போட்டார்.

"கேக்கறதெல்லாம் சரி காக்கா. டிக்கெட் குடுக்கறவ சுவீடிஷ்ல பதில் சொன்னா என்ன செய்வீங்க?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா தம்பி? இல்லன்னு சொல்ற மூஞ்சி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

சளைக்காத ஆள். அறுபதை நெருங்கியும் நரையை மருதாணியால் அடக்கி வைத்திருக்கிறார். காதுமடலில் அத்தர் பஞ்சு. சுலைமானி வந்தால் இன்னொரு கிளாஸை எடுத்து, பாதியை யாருக்காவது ஊற்றிக் கொடுத்த பிறகுதான் வாயில் வைப்பார். யாரும் சிக்காவிட்டால் டீ ஆறிப்போகும். "தனியாக் குடிச்சா தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்பார். இதைக் கேட்ட பிறகு, அவசரமாக ஓடுகிற நாளிலும் அரை கிளாஸுக்கு நின்றுவிடுகிறேன்.

மனைவி ரஹீமா பீவி காலமாகி இரண்டு வருஷமாகிறது. ஒரே மகள் ஹிஃப்ஸா லின்ஷொப்பிங்கில் இருக்கிறாள். மருமகன் சாகிருக்கு அங்கே வேலை. போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்தியைப் பார்க்கத்தான் காக்காவின் பயணம். டிக்கெட் பாடம் நடத்தியதும் ஹிஃப்ஸாதான். ஒவ்வொரு வாக்கியமாக அவள் சொல்லச் சொல்ல, காக்கா செல்போனில் பதிந்து வைத்திருக்கிறார். எல்லாம் எப்போதோ மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் மத்தியானம் கடை ஓய்ந்ததும் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். பாடமாவது ஒன்றாவது, மகள் குரலைக் கேட்கிறார்.

சரி, மகளையோ மருமகனையோ ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னால் போகிறது, இந்த மனிதருக்கு எதற்கு ரயில் டிக்கெட்? அங்கேதான் இருக்கிறது காக்காவின் வீம்பு. காயல்பட்டினத்தில் நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். மகளுக்கென்று காக்கா கட்டிய வீடு அங்கே பூட்டிக் கிடக்கிறது. மருமகன் எடுத்த வீட்டில் மாமனார் போய்ப் படுப்பதா? ஆகவே ஸ்டாக்ஹோமில் ஓட்டல். தினம் காலையில் ரயிலேறி லின்ஷொப்பிங் போய், பேத்தியைக் கொஞ்சிவிட்டு, சாயங்காலம் ரயிலில் திரும்புவாராம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்!

"காக்கா, உங்களுக்கென்ன கிறுக்கா?"

"மருமவன் ஊட்டுல ராத் தங்குனேன்னு ஊர்ல தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?"

"லின்ஷொப்பிங்ல எந்தக் காயல்காரன் உக்காந்து பாக்கப் போறான்?"

"ரஹீமா பாப்பாளே" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அரை கிளாஸ் டீயோடு நின்றிருந்தேன். ஹிஃப்ஸா கூப்பிட்டாள். கடை இரைச்சலில் கேட்காது என்பதால் காக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"வாப்பா, ஓட்டலை கேன்சல் பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா. ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புலதான். வசதியா..."

"அவங்க உங்களுக்குன்னு கட்டில் வாங்கிப் போட்டிருக்காங்க. திருப்பிக் கொடுத்துரச் சொல்லவா?"

"அப்படி இல்லம்மா. மருமவன் ஊட்டுல நான்..."

"உம்மா இருந்தா நான் யார்கிட்டயும் கெஞ்ச மாட்டேன் வாப்பா. ராவெல்லாம் புள்ள அழுவுறா. அவங்க காலையில டூட்டிக்குப் போவணும்னு எழுப்ப மாட்டேன். நானும் அவளும் சேந்துதான் அழுவுறோம். சட்ட பேண்ட்டோட வந்து, விருந்தாளியா உக்காந்துட்டுப் போறதா இருந்தா வர வேணாம். படத்துல பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டாள். அழுதிருக்கிறாள். குரலிலேயே தெரிந்தது.

காக்கா போனைப் பார்த்தபடி நின்றார். டவல் கேட்டு வந்தவனை, "கலாஸ் பாய், பாத் மே ஆவோ" என்று அனுப்பிவிட்டார். பிறகு ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து கட்டம் போட்ட கைலி ஒன்றை உருவினார். லேபிளை நகத்தால் சுரண்டினார். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். வாளித் தண்ணீரில் கைலியை முக்கி, குந்தி உட்கார்ந்து கசக்கிக்கொண்டிருந்தார். கஞ்சி கரைந்து தண்ணீர் வெளுத்திருந்தது.

"புதுக் கைலி மொடமொடன்னு இருக்கும் தம்பி" என்றார், நிமிராமலே. "ராத்திரி புள்ளய மடியில போட்டா, குத்தும்."

தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, வாளியை மறுபடி குழாய்க்கு நேரே வைத்தார்.