ரோசலின் அக்கா ரொட்டித் தட்டில் கை வைத்த நாள்

ரோசலின் அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் ஸ்டெல்லா ஹட்டனிலிருந்து போன் பண்ணினாள். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்... எழுந்திருக்கவே இல்லை.

இறம்பொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அறுபதுகளின் தொடக்கத்தில் பிறந்த அத்தனை பேரையும் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை. அம்மாமாரைவிட வயதில் சின்னவர் என்பதால் எங்களுக்கெல்லாம் அக்கா.

அவரை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு நாய்.

எங்கள் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுவிட்டுச் சீமைக்கே திரும்பிப் போகப்போகிறார் என்று தோட்டமெல்லாம் பேச்சு. அவருடைய கறுப்பு நாய் பெஸ்ஸியை என்ன செய்வது? லாப்ரடோர் என்ற பெயரெல்லாம் பிற்பாடு இந்த போனில் பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்போது அது துரை நாய்... அவ்வளவுதான்.

வளர்ந்த நாய் என்பதால் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் யாரும் கேட்கவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் கிளம்புகிற அன்று சுட்டுவிடுவதாகச் சொன்னாராம். பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்த அப்பா யாரையும் கேட்காமல் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்துவிட்டார்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "மூணு பிள்ளைங்க உருளுற காம்பராங்க இது. கைப்பிள்ளைய புடிச்சிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"துரை கெளம்புற வரைக்கும் வச்சுப் பாப்போம் புள்ள. சரிப்படலைன்னா கொண்டுபோய் விட்டுர்றேன்."

கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சரியாகவே சாப்பிடவில்லை.

பெஸ்ஸிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டை மூலை மூலையாக மோந்தது. அம்மாவின் கொழுந்துக் கூடை, அடுப்படி, தங்கச்சியின் தொட்டில்... தொட்டிலுக்குக் கீழே மட்டும் ரொம்ப நேரம். பால் வாசனையா, வேறு ஏதாவதா? இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மறுநாள் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, கொழுந்து பறிக்கப் போன அம்மாவின் பின்னாலேயே மலைக்குப் போய்விட்டது. அங்கேதான் வம்பு.

துரை மலை சுற்ற வந்தால் முன்னால் நாய்தான் வரும். ரோட்டு வளைவில் அந்தக் கறுப்புத் தலை தெரிந்ததுமே பேச்சு நின்று எல்லோர் கையும் வேகம் பிடிக்கும். அன்றும் அப்படித்தான். மலையே கப்சிப். கங்காணி வெற்றிலையைத் துப்பி, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வளைவைப் பார்த்தபடி நின்றார்... நின்றுகொண்டே இருந்தார். துரை வந்தால்தானே.

யாரோ ஒருத்தி முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம் மலை முழுக்கச் சிரிப்பு.

கங்காணிக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா காளியம்மா, இந்த நாயி இன்னொருக்கா மலைக்கு வந்துச்சுன்னா நானே இழுத்துட்டுப் போயி பங்களாவுல கட்டிப்புடுவேன்."

வீட்டில் கட்டினால் கயிற்றைக் கடிக்கிறது. மலைக்கு வந்தால் கங்காணி. திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று, சாயந்திரம் தங்கச்சியைக் கூட்டிவரப் போன இடத்தில் அம்மா ரோசலின் அக்காவிடம் சொன்னாள். கூடப் போயிருந்த நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா, எங்கள் பின்னாலேயே வந்திருந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேலை நேரத்துல எங்கிட்ட விட்டுட்டுப் போங்கக்கா. ஆனா பிள்ளைங்க பக்கத்துல விடுறதுக்கு முன்னாடி அது என்ன கொணமுன்னு நான் பாக்கணும்."

பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு தகரத் தட்டு. அதில் ரொட்டி. பெஸ்ஸி தின்பதற்கென்றே பிறந்தது, தலையைத் தட்டுக்குள் விட்டுவிட்டது.

அக்கா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இன்னொரு கையை, நாய் தின்றுகொண்டிருந்த தட்டுக்குள்ளேயே வைத்தார்.

பெஸ்ஸி நிறுத்தியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. அப்புறம் மூக்கை ஒதுக்கிக்கொண்டு வாலை ஆட்டியது... எடுத்துக்கொள் என்பதுபோல.

அக்கா ரொட்டியை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, திரும்பத் தட்டிலேயே போட்டார். "சரி... இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் தோளில் அவர் நகம் பதிந்து வலித்தது. நான் நாயிடம் ஓடிவிடாமல் இருக்கத்தான் அப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

துரை கிளம்பிப் போனார். பெஸ்ஸி இருந்தது.

இடையில் பால் கொடுக்க வரும் அம்மாமார், வாசலில் அது படுத்திருப்பதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அவசரமாக முக்காட்டைச் சரி செய்வார்கள். அப்புறம் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். என் தங்கச்சி அதன் காதைப் பிடித்துக்கொண்டுதான் முதன்முதலில் எழுந்து நின்றாள்.

இதையெல்லாம் காலையில் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா கேட்டாள்.

"அம்மா கெண்டைக்கால்ல ஒரு தழும்பு இருக்கும், பாத்திருக்கீங்களா? கேட்டா தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டுச்சும்பாங்க. நேத்து சித்திதான் சொன்னாங்க... சின்ன வயசுல பங்களா ரோட்டுல ஒரு துரை நாயி சதையோட புடிச்சிருச்சாம். அதுக்கப்புறம் நாயின்னாலே நடுங்குவாங்களாம்."

எனக்குத் தெரியாது என்றேன். போனை வைத்த பிறகும் ரொம்ப நேரம் என் தோளைத் தடவிக்கொண்டிருந்தேன்.

போய் வாங்க அக்கா. வழியில் கறுப்பாக ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றால் பயப்படாதீங்க... அது நம்ம பெஸ்ஸிதான்.