மற்றக் கயிற்றுக்குப் போன சேதி

புத்தளம் ஆஸ்பத்திரியில், டொக்டரின் மேசைக்கு முன்னால் நாங்கள். உம்மா. வலைக்கயிறு இழுத்துக் காய்த்த கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்தபடி வாப்பா. ராத்தாவின் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், எங்களுக்குச் சேர். கதிரையில் ராத்தா, என் அக்கா. ஓதின தண்ணிப் போத்தலோடு நான். எனக்கு ஏழு வயது. யுத்தம் முடிந்து கொஞ்ச வருசம்.

மாமா மட்டும் வரவில்லை. கற்பிட்டியில் வலையோடு நின்றார்.

எங்களது கரைவலை. தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்டால் இரண்டு கயிறும் கரைக்கு வரும். ஒன்றை வாப்பாவின் ஆட்கள் இழுப்பார்கள். தூரத்தில் மற்றதை மாமாவின் ஆட்கள். மாமா உம்மாவின் தம்பி. இரண்டும் ஒத்து வராவிட்டால் மீன் போய்விடும். காற்றில் கூப்பிட்டால் கேட்காது. சேதி கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டும். சின்னதிலிருந்தே அது ராத்தாதான்.

"மாமாட கயிறு நித்திரையா எண்டு கேள்" என்பார் வாப்பா. ராத்தா மணலில் ஓடுவாள்.

"மச்சான் இழுக்கிறாரா, கயித்தில சாஞ்சு நிக்கிறாரா எண்டு கேள்" என்பார் மாமா. திரும்பி ஓடுவாள். சில நாள் மீனைவிட ஏச்சுத்தான் கூட.

பள்ளிக்கூடத்தில் அவளை வெல்ல ஆள் இல்லை. மாவட்டப் போட்டிக்கு எடுத்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர். அதற்கு முன் சேர் எல்லாப் பிள்ளைகளுக்கும் நாடி பிடித்தார். மற்றவர்களுக்கு எழுபது, எண்பது. ராத்தாவின் கையை மூன்று தரம் பிடித்தார். ஐம்பது.

"நெஞ்சு மெதுவா அடிக்குது. டொக்டர் சொல்லாம ஓட விடமாட்டன்" என்றார்.

உம்மா பயந்துபோனா. ராத்தாவைப் பாயில் கிடத்தி எழும்ப விடவில்லை. கஞ்சி, முட்டை, பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணி. மூன்றாம் நாள் சேர் வந்து திரும்பப் பிடித்தார். இன்னும் குறைந்திருந்தது.

"அல்லாஹ்வே, நிக்கப் போகுது" என்று உம்மா அழுதா.

"இன்னொரு முட்டை வேணாம் உம்மா. என்னை ஓட விடுங்க" என்றாள் ராத்தா.

அப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

டொக்டர் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார். கையைப் பிடித்து எண்ணினார். கணக்கைச் சொன்னார். உம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டா.

"தலை சுத்துதா புள்ள? மயக்கம்?"

"இல்ல."

"என்ன பயிற்சி செய்றீங்க?"

சேர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா நிலத்தைப் பார்த்தார். "மச்சானுக்கு ஏச்சுக் கொண்டு ஓடுறவ" என்றார்.

டொக்டர் சிரித்தார். "இது வருத்தமில்ல, நோயில்ல. ஓடி ஓடிப் பலமான நெஞ்சு. ஒரு அடியிலயே வேண்டிய ரத்தத்தத் தள்ளுது, அவசரம் இல்ல. படுக்க வச்சா இன்னும் ஆறுதலா, மெதுவாத்தான் அடிக்கும். ஓடட்டும்."

உம்மா என் கையிலிருந்த போத்தலை வாங்கி, ஓதின தண்ணியைத் தானே குடித்தா.

சும்மா பார்க்க டொக்டர் என் கையையும் பிடித்தார். தொண்ணூற்றாறு. ராத்தாவுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு விசயத்தில் அவளை வென்றது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் வழி முழுக்க வாப்பா ராத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார்.

போட்டியில் ராத்தா முதலாவதாக வந்தாள். அது ஊருக்கே தெரியும். எனக்கு நினைவில் நிற்பது, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அடுத்த நாள் காலை.

ராத்தா சேரோடு மைதானத்துக்குப் போய்விட்டாள். மாமாவுக்கு இன்னும் சேதி போகவில்லை. வலை பாதி வந்திருந்தது. வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மாமாட்ட ஓடு."

"என்ன ஏச்சு வாப்பா?"

"ஏச்சு இல்ல. ராத்தாட நெஞ்சு பலமாம் எண்டு கணக்கச் சொல்லு."

"என்டதயும் சொல்லவா? என்டதுதான் கூட."

கயிற்றில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை.

"அவட மட்டும்."

கோபத்தோடு ஓடினேன். மணல் காலை இழுத்தது. பாதியில் ஒருதரம் குந்திவிட்டேன். ராத்தா குந்தி நான் கண்டதில்லை.

மாமா கயிற்றை விட்டுவிட்டு எனக்கு எதிரே நடந்து வந்தார். வலை வரும்போது கயிற்றை விடுகிற ஆள் இல்லை அவர்.

"என்ன சொன்னாங்க மகள்? சொல்லு."

எனக்கு மூச்சு வாங்கியது. கூடின கணக்கு என்னிடம் இருக்க, குறைந்த கணக்கை வாப்பா ஏன் கரை நீளத்துக்கு அனுப்புகிறார் என்று விளங்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

நாற்பத்தி நாலு.